காணாட்டித் தேடி வாறவர்

ஆகஸ்ட் 15 வந்தால் மட்டக்களப்பு ஆக்களின் முகநூலில் ஒரு வெள்ளைக்காரத் துறவியின் பழைய படம் சுற்றும். "எங்கள் ஹெபர்ட் பாதர்" என்று ஒரு வரி, கீழே கைகூப்புகிற இமோஜிகள். அடுத்த நாள் காலை வேறு விசயங்கள் மேலே வந்துவிடும். ஜனவரி முதலாந் திகதி இன்னொரு வெள்ளைக்காரத் துறவியின் படம் வரும். அவர் மில்லர் பாதர். புதுவருட வாழ்த்துகளுக்குள்ளே அந்தப் படம் இன்னும் கெதியாக அமுங்கிப் போய்விடும்.

படம் போடுவதை நாங்கள் குறைசொல்லவில்லை. மறந்துபோறதை விடப் படம் போடுறது நல்லது. ஆனால் "வாழ்நாள் வழிகாட்டி" என்ற சொல்லை அந்தப் படங்களுக்குக் கீழே பார்க்கிறபோது ஒரு கேள்வி வருகிறது. வழிகாட்டி என்றால் என்ன? நல்லவர் என்ற அர்த்தமா? பெரிய மனுசன் என்ற அர்த்தமா? அல்லது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்தவர் என்ற அர்த்தமா? அது ஒரு வேலை என்றால், அந்த வேலையை இப்ப யார் செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல முதல் அந்த இரண்டு பேரும் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் வயதில் பலருக்கு அவர்களின் பெயர் தெரியும், கதை தெரியாது.

இரண்டு பேர், ஒரே வருடம்

யூஜின் ஹெபர்ட் 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பெஞ்சமின் ஹென்றி மில்லர் அதே மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக்காரர். இரண்டு பேரும் இயேசு சபைத் துறவிகள். இரண்டு பேரும் இலங்கைக்கு வந்தது 1948இல். வெள்ளைக்கார ஆட்சி மூட்டைகட்டிக்கொண்டு போன வருடத்தில் இந்த இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்களும் இங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள். அப்போது அவர்களின் வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. இப்ப எங்களுக்கு இருக்கிற வயது.

ஹெபர்ட் பாதர் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் இருந்தவர். மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியைத் தேசிய மட்டத்தில் சாம்பியனாக்கிய பயிற்றுவிப்பாளர். பின்னாளில் ஈ.ரி.ஐ. என்று ஊர் சொல்லுகிற கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தினார். பள்ளிப் படிப்பு கைகொடுக்காத பெடியன்களின் கையில் ஒரு தொழிலைக் கொடுக்கிற இடம் அது. 1990 ஆகஸ்ட் 15 அன்று, சண்டைக்குள் மாட்டுப்பட்டவர்களின் அலுவலாக வாழைச்சேனைக்குப் போனவர், ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்புகிற வழியில் காணாமற்போனார். அப்போது அவருக்கு வயது 66. அவரோடு பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரும் போனார். அவரும் திரும்பி வரவில்லை.

மில்லர் பாதர் மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவர். யுத்த காலத்தில் மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் விபரங்களைப் பதிந்துகொண்டிருந்தார். 2019 ஜனவரி முதலாந் திகதி, 93ஆவது வயதில், மட்டக்களப்பிலேயே இறந்தார். 1948இல் இருந்து 2019 வரை கணக்குப் பாருங்கள். எழுபது வருடம். எங்களில் பலரின் அப்பப்பாமார்கூட இந்த ஊரில் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

இந்த மண்ணுக்குப் பாதிரிமார் புதுசு இல்லை. மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இங்கேயே இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுதாக வாழவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது, அவருக்கு ஊரில் சிலையும் இருக்கிறது. சுவாமி விபுலாநந்தர் படித்த பள்ளிக்கூடங்களில் இந்த மத்திய கல்லூரியும் ஒன்று, மிக்கேல் கல்லூரியும் ஒன்று. இராமகிருஷ்ண மடத்தின் துறவியை உருவாக்கியதில் கிறிஸ்தவப் பாதிரிமாரின் வகுப்பறைக்கும் பங்கு இருக்கிறது. மட்டக்களப்பு அப்படிப்பட்ட ஊர்.

ஆனால் நிறுவியவர் வேறு, வழிகாட்டி வேறு. நிறுவியவர் நாற்று நட்டுவிட்டுப் போகலாம். வழிகாட்டிக்கு அது சரிவராது. அவர் ஒவ்வொரு நாளும் வயலுக்கு வர வேண்டும்.

இன்டைக்கு யார் வரேல்ல?

கூடைப்பந்து ஐந்து பேர் விளையாடுகிற விளையாட்டு. பதினொரு பேர் விளையாடுகிற கிரிக்கெட்டில் ஒருவன் ஓரமாக நின்று பொழுதைப் போக்கலாம். ஐந்து பேர் விளையாட்டில் ஒருவன் வராவிட்டால் உடனே தெரியும். அதனால் எந்தக் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளரும் மைதானத்துக்கு வந்ததும் முதலில் பார்ப்பது பந்தை இல்லை, யார் வரவில்லை என்பதைத்தான். ஏன் வரேல்ல? காய்ச்சலா? வீட்டில பிரச்சினையா? சப்பாத்து இல்லையா? பஸ்ஸுக்குக் காசு இல்லையா? நல்ல பயிற்றுவிப்பாளர் அதைக் கேட்டு, இரண்டாம் நாளும் காணாட்டி வீட்டுக்கே தேடி வருவார்.

வழிகாட்டி என்ற சொல்லுக்கு எங்களின் பதில் இதுதான். உங்களைக் காணாட்டித் தேடி வாறவர் உங்கள் வழிகாட்டி. புத்திமதி சொல்ல நூறு பேர் இருப்பார்கள். மேடையில் ஏறி "இளைஞர்களே" என்று கூப்பிட ஆயிரம் பேர் இருப்பார்கள். நீங்கள் ஒரு கிழமை வராவிட்டால் அது யாருக்குத் தெரியும்? அந்த ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதைத் தீவிரமாகத்தான் சொல்கிறோம். ஏனென்றால் மட்டக்களப்பில் 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு "யார் வரேல்ல?" என்ற கேள்வி மைதானத்துக் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. பெடியன்கள் வீதியில் பிடிபட்டார்கள். வீட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டார்கள். சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள், சிலர் கொண்டுபோகப்பட்டார்கள். இன்று வகுப்பில் இருந்தவன் நாளைக்கு இல்லை. அப்போது அம்மாமார் முதலில் ஓடிப்போய்த் தட்டின கதவுகளில் பாதர்மாரின் கதவும் ஒன்று. பாதர்மார் முகாம் வாசலுக்குப் போய் நின்றார்கள். பெயர், வயது, ஊர், எத்தனையாம் திகதி, யார் கொண்டுபோனது என்று எழுதினார்கள். சமாதானக் குழுவின் வேலை பெரும்பாலும் இதுதான்: கேட்பது, எழுதுவது, திரும்பவும் போய்க் கேட்பது.

வரவுப் புத்தகம் வைத்திருந்த கையே காணாமற்போனோர் பட்டியலையும் எழுதியது. இரண்டும் ஒரே பழக்கம். யாரையும் எண்ணிக்கையில் கரைய விடாமல் பெயராக வைத்திருக்கிற பழக்கம். இதற்கு வீரம் மட்டும் போதாது. ஒழுங்கு வேண்டும், பொறுமை வேண்டும், சலிப்பான வேலையைச் சலிக்காமல் செய்கிற மனசு வேண்டும். எங்கள் நினைவேந்தல்களில் வீரத்துக்கு நிறைய இடம் இருக்கிறது, இந்தச் சலிப்பான வேலைக்கு இடமே இல்லை.

கேட்கிறதற்கு விலையும் இருந்தது. மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 அன்று தனது தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அது தெரிந்துகொண்டுதான் மற்றவர்கள் தொடர்ந்து கேட்டார்கள்.

அந்த வீதி

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற எவருக்கும் ஹெபர்ட் பாதரின் கடைசிப் பயணத்தை விளங்கப்படுத்த வரைபடம் தேவையில்லை. மட்டக்களப்பு டவுனில் இருந்து வந்தாறுமூலை கம்பஸுக்கு வருகிற அதே வீதிதான். சத்துருக்கொண்டான், தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, அப்பால் கிரான், வாழைச்சேனை. புட்போட்டில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் நாங்கள் கடக்கிற வீதி.

1990இல் அந்த வீதியிலும் அதைச் சுற்றியும் நடந்ததைத் திகதி வரிசையில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். ஆகஸ்ட் 11 இரவும் 12 விடியவும், ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வீடுகளிலேயே கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 15, ஹெபர்ட் பாதரும் பேர்ட்ரம் பிரான்சிஸும் ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமற்போனார்கள். செப்டெம்பர் 5, எங்கள் கம்பஸுக்குள் அகதியாகத் தஞ்சமடைந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களில் 158 பேரை இராணுவம் பிரித்தெடுத்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டான் இராணுவ முகாமில் கைக்குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

எல்லாம் நாற்பது நாளுக்குள்.

ஹெபர்ட் பாதரை யார் கொண்டுபோனது என்பது இதுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. ஊரில் பல கதை இருக்கிறது. அந்தக் கதைகளில் ஒன்று "ஏறாவூர்" என்ற சொல்லோடு முடிந்துவிடும். சொல்கிறவர் ஒரு முறை தலையை ஆட்டுவார், கேட்கிறவரும் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அதற்குள் ஒரு முழுச் சமூகத்தின் மேல் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உட்படப் பலர் இறந்த பிறகு இந்தத் தலையாட்டல் இன்னும் லேசாகிவிட்டது.

நாங்கள் இதை ஏற்கவில்லை. காரணம் எளிமையானது. எல்லாச் சாதி, எல்லாச் சமயப் பெடியன்களும் ஒரே வளையத்துக்குப் பந்து எறிந்த மைதானத்தில் நின்ற ஒருவரை, ஒரு சமூகத்தை அடிக்கிற தடியாக மாற்றுவது அவரை இரண்டாம் முறை காணாமலாக்குவது. குற்றம் செய்தவர்களுக்குப் பெயர் இருக்கும், சீருடை இருக்கும், கட்டளை கொடுத்த மேலதிகாரி இருப்பார். "யார்?" என்று கேட்கிறது நீதி. "அவங்க" என்று சொல்லி முடிக்கிறது வதந்தி. ஹெபர்ட் பாதரின் ஆட்கள் "யார்?" என்று கேட்டவர்கள். ஆகஸ்ட் 15ஐ நினைக்கிறவர்களுக்கு ஆகஸ்ட் 3ஐயும் 12ஐயும் நினைக்கிற கடமை இருக்கிறது. செப்டெம்பர் 5ஐ நினைக்கிறவர்கள் எங்களுக்குள்ளே எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். அது எங்கள் கம்பஸுக்குள்ளேயே நடந்தது.

இன்னொன்று. 2006 டிசம்பர் 15 அன்று எங்கள் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரே ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பி வராத நாடு இது. கிழக்கில் பாதர், சேர், உபவேந்தர் என்று வழிகாட்டிகளே காணாமற்போயிருக்கிறார்கள். தேடுகிறவர்களைக் கொண்டுபோய்விட்டால், பிறகு தேடுவதற்கு ஆளே இருக்காது என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு பிழைக்க வேண்டும் என்றால் தேடுகிற பழக்கம் ஒரு ஆளிடம் மட்டும் இருக்கக்கூடாது.

வெள்ளைக்காரர் என்பதாலா?

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கேள்வி வரும், வரத்தான் வேண்டும். "ஒரு வெள்ளைக்காரப் பாதர் காணாமற்போனால் உலகமே எழுதும். எங்கட 158 பேரைப் பற்றி யார் எழுதினது?" என்று எங்கள் பட்ச்சிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஹெபர்ட் பாதரைப் பற்றி எழுதப்பட்ட பல இடங்களில் பேர்ட்ரம் பிரான்சிஸ் "கூடச் சென்ற இளைஞர்" என்பதோடு நின்றுவிடுகிறார். ஒரே ஸ்கூட்டர், ஒரே வீதி, ஒரே நாள். ஒருவருக்கு வாழ்க்கை வரலாறு, மற்றவருக்கு ஒரு அடைமொழி.

மிஷன் பள்ளிக்கூடங்களின் வரலாறும் முழுக்க வெளிச்சம் இல்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரு சிறிய கூட்டத்தை அவை உருவாக்கின, அந்தக் கூட்டம் பலகாலம் தனக்குள்ளேயே சுற்றியது. பாதர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்ற பழக்கமும் எங்கள் ஊர்களில் இருந்தது, இப்பவும் இருக்கிறது. அங்கி போட்ட எவரையும் கேள்வி கேட்கக்கூடாது என்பது ஆபத்தான பழக்கம். அது பிள்ளைகளுக்கு நடக்கிற அநியாயத்தை மூடிவைக்கவும் உதவும். ஒருவரை வழிகாட்டி என்று மதிப்பதும் அவரைக் கேள்விக்கு அப்பால் தூக்கி வைப்பதும் வேறு வேறு.

இன்னொரு குறை எங்களைப் பற்றியது. பாதர்மாரைப் பற்றிக் கதைக்கிற அளவில் கால் பங்குகூட நாங்கள் சிஸ்டர்மாரைப் பற்றிக் கதைப்பதில்லை. யுத்தத்துக்குள் பிள்ளைகளைக் கட்டிக்காத்த விடுதிகளை நடத்தியது யார்? தாயில்லாத பெட்டைப் பிள்ளைகளுக்குத் தலை இழுத்துவிட்டது யார்? ஒவ்வொரு கோவிலடியிலும் சாவீடு, கலியாண வீடு, சண்டை வீடு என்று எல்லாத்துக்கும் நடந்து திரிந்த உபதேசியார்மாரின் பெயர் எந்த மைதானத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது? வெபர் பாதரின் பெயரில் மைதானம் இருப்பது நல்லது. ஆனால் வரிசை அங்கேயே நிற்கக்கூடாது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் ஹெபர்ட் பாதரையும் மில்லர் பாதரையும் நாங்கள் கைவிடத் தயாரில்லை. ஏனென்றால் அவர்களிடம் எந்த நாளும் வெளியேறக்கூடிய கடவுச்சீட்டு இருந்தது. 1983இலும் போகலாம், 1987இலும் போகலாம், 1990இலும் போகலாம். யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. தங்கள் வெள்ளைத் தோல் கொடுத்த பாதுகாப்பை எங்கள் அம்மாமாருக்காக முகாம் வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். கடைசியில் அந்தத் தோலும் ஹெபர்ட் பாதரைக் காப்பாற்றவில்லை.

இப்பத்தைய 'மென்டர்'மார்

இன்றைக்கு எங்களைச் சுற்றி 'மென்டரிங்' என்ற சொல் மலிந்துபோய் இருக்கிறது. ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் செயலமர்வு, மதியம் புரியாணி, பின்னேரம் சான்றிதழ், குழுப்படம். மூன்றாம் நாள் அந்த மென்டருக்கு எங்கள் பெயர் தெரியாது. யூரியூப்பில் ஒருவர் காலை நாலு மணிக்கு எழும்பச் சொல்கிறார். நாலு மணிக்கு எழும்பாட்டி அவருக்கு எப்படித் தெரியும்? கம்பஸுக்குள் சில சீனியர்மார் பகிடிவதையையே 'வழிகாட்டல்' என்று சொல்கிறார்கள். ஜூனியர் கம்பஸை விட்டிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் தேடிப் போகாதவன் எப்படி வழிகாட்டி?

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இது வெறும் கதை இல்லை. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்காக இருந்தார்கள். அவர்களில் கலைப்பீடத்து அக்காமார், அண்ணாமார் எத்தனையோ பேர். பட்டம் முடிந்த பிறகு என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு கடவுச்சீட்டு வரிசையில் நின்ற எங்கள் நண்பர்கள் எத்தனை பேர். முதல் வருடம் பக்கத்தில் இருந்தவன் மூன்றாம் வருடம் கட்டாரில். விரிவுரை மண்டபத்தில் கதிரை வெறுமையாகிறது, வரவுப் பதிவில் கையொப்பம் இல்லை, யாரும் கேட்பதில்லை.

போகாதே என்று யாருக்கும் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டோடு இங்கே இருக்கிறதும், இந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு கடன்பட்ட வீட்டில் இருக்கிறதும் ஒன்று இல்லை. பாதர்மாரின் வாழ்க்கையைக் காட்டி, வெளிநாடு போகிற பெடியனைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். நாங்கள் கேட்பது வேறு. போனவன் போன பிறகும், அவன் எப்படி இருக்கிறான் என்று கிழமைக்கு ஒருக்கா கேட்கிற ஒரு ஆள் இங்கே இருக்கிறாரா? வராத கதிரையைக் கவனிக்கிற ஒரு கண் எங்களிடம் இருக்கிறதா?

செய்யக்கூடியது

கருத்துச் சொல்லிவிட்டுப் போவது லேசு. அதனால் எங்களால் முடிந்த அளவில் மூன்று விசயம் சொல்கிறோம். எதற்கும் பெரிய காசு தேவையில்லை.

முதலாவது, வயதானவர்களிடம் போங்கள், இப்பவே போங்கள். ஹெபர்ட் பாதரிடம் பந்து பழகின முதல் பட்ச் ஆட்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஈ.ரி.ஐ.யில் தொழில் பழகினவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் சாகிறபோது ஒரு நூல் நிலையம் மூடுகிறது. எங்கள் பீடத்தில் ஒவ்வொரு வருடமும் ஆய்வுக் கட்டுரைத் தலைப்புக்கு அலைகிறோம். வரலாறு, சமூகவியல், தமிழ், கிறிஸ்தவ நாகரிகம் என்று எந்தத் துறையில் இருந்தாலும் போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு ஒரு ஐயாவின் முன்னால் இருந்தால் தலைப்பு கிடைக்கும். "மனே, பாதர் எண்டா..." என்று அவர் தொடங்கட்டும். பெருமையை மட்டும் கேட்காமல் மனக்குறையையும் கேளுங்கள். யாருக்குக் கிடைக்கவில்லை என்றும் கேளுங்கள். சிஸ்டர்மாரைப் பற்றியும் கேளுங்கள்.

இரண்டாவது, ஆகஸ்ட் 15ஐத் தனி நாளாக வைக்காமல் அந்த நாற்பது நாளையும் சேர்த்து நினைவுகூருவோம். காத்தான்குடி, ஏறாவூர், வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் எல்லாம் ஒரே பட்டியலில் வரட்டும். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் பெயர்களை வாசிக்கட்டும், முஸ்லிம் பிள்ளை தமிழ்ப் பெயர்களை வாசிக்கட்டும். எங்கள் வகுப்பில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறோம், ஒரே சோர்ட் நோட்ஸைத்தான் பிரதி எடுக்கிறோம். ஆனால் 1990 என்று வந்தால் ஆளுக்கொரு திகதி. அந்தத் திகதிகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற பெயரும் எப்போதும் ஹெபர்ட் பாதரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.

கேட்பதையும் நிறுத்தக்கூடாது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் வேலை முடிந்தது என்று அரசாங்கங்கள் இருக்கின்றன. வெயிலில் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அம்மாமாருக்குப் பக்கத்தில் எங்கள் வயதுக்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வயது போகிறது. அடுத்ததாக அந்தப் படத்தை யார் பிடிப்பது?

மூன்றாவது, மிகச் சின்னது, மிகக் கஷ்டமானது. ஒரு பிள்ளையை எடுங்கள். ஊரில் ஓ.எல். படிக்கிற ஒரு தம்பி, ஏ.எல். மூன்றாம் முறை எழுதுகிற ஒரு தங்கச்சி, பின்னேரம் பந்து விளையாட வருகிற நாலு சின்னப் பெடியன்கள். கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். செயலமர்வும் வேண்டாம், பதாகையும் வேண்டாம். போங்கள், இருங்கள், யார் வரவில்லை என்று பாருங்கள். இரண்டாம் கிழமையும் வராவிட்டால் வீட்டுக்குப் போய் "ஏன் தம்பி வரேல்ல?" என்று கேளுங்கள். இதை ஒரு வருடம் செய்து பார்த்தால்தான் எழுபது வருடம் என்றால் என்ன என்று விளங்கும்.

ஹெபர்ட் பாதரின் உடல் கிடைக்கவில்லை. அதனால் அவருக்குப் பூ வைக்க ஒரு கல்லறை இல்லை. அது ஒரு பெரிய அநியாயம், அதற்கு விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மில்லர் பாதரைப் போல, முப்பது வருடம் போனாலும், பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனாலும், கொப்பியை மூடாமல் கேட்க வேண்டும். வருகிற ஆகஸ்ட் 15க்குப் படம் போடுகிறவர்கள் போடுங்கள். கீழே ஒரு வரி கூடச் சேருங்கள்: இந்த வருடம் நீங்கள் தேடிப்போன ஒரு ஆளின் கதை. அப்படி ஒரு கதை இல்லாவிட்டால், இன்னும் நாள் இருக்கிறது. இன்று பின்னேரமே தொடங்கலாம்.